மருமகள் போட்ட சாட்சிக் கையெழுத்து

1

மாமனார் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் படையல் போட்டோம். சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலி சம்பால், ஒரு போத்தல் ஸ்டவுட். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கறுப்பு பீரை வைக்கிறார்களே என்று கூசியிருக்கிறேன். இப்போது மூடியைத் திறந்து வைப்பது நான்தான்.

எங்கள் வீடு மலாக்கா மாநிலத்தில் செலண்டார் பக்கம் இருக்கிறது. இருபுறமும் செம்பனைத் தோட்டம், எண்ணெய்க்காக வளர்க்கும் பனை. என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் துறையூர்ப் பக்கத்துக்காரி, பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

படையலுக்கு என் நாத்தனார் சாந்தி வந்திருந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை. மஸ்ஜித் தானா என்ற ஊரில் இருக்கிறாள், ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை. மலாய், ஆங்கிலம் இரண்டும் தண்ணீர் மாதிரி பேசுவாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தவள், ஏதோ மறந்தவள் போலத் திரும்பினாள்.

"அண்ணி, அப்பா உயில் விசயமா லோயர் போன் பண்ணாங்க. செவ்வாக்கெழம நீங்களும் வரணுமாம்."

"நான் எதுக்கு சாந்தி?"

"தெரில லா. உங்களத்தான் கண்டிப்பா வரச் சொன்னாங்க."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் டுரியான் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போன பிறகு நானும் போய் அண்ணாந்து பார்த்தேன். காயைத் தவிர ஒன்றும் இல்லை.

2

காரணம் சொல்லாமல் யாராவது என்னைக் கூப்பிட்டால், அந்தக் காரணம் எனக்கு ஆகாததாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்லும். இது பிறந்தபோதே வந்த குணமில்லை. அலுவலகங்களில் கவுண்டர் கவுண்டராக நின்று வந்தது.

இங்கே குடியேறியவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம். நீலம் வைத்திருக்கும் கணவரின் கையைப் பிடித்து வந்தவளுக்குச் சிவப்பு கிடைக்கவே பல வருடம் ஆனது. நம்பர்ச் சீட்டு எடுத்து, உட்கார்ந்து, நம்பரைச் சொல்லி அழைத்ததும் எழுந்து போனால், இன்னொரு தாள் குறைகிறது என்பார்கள். அந்தத் தாளோடு போனால் வேறு கவுண்டர் என்பார்கள். மலாய் எனக்குப் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அலுவலக மலாய் வேறு.

ஒருமுறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தபடி தமிழில் போட்டேன். அந்தக் கவுண்டர்ப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கையெழுத்தா, ஓவியமா?" என்று மலாயில் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கூட வந்திருந்த சாந்தியும் சிரித்தாள். பிறகு அவர்களுக்குள் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் என் பெயர் இரண்டு தடவை வந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததாலேயே இன்னும் நினைவிருக்கிறது.

என் மகள் ரூபாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. இங்கே பிறந்தவள். கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து வைத்திருக்கிறாள், கோழி கிளறினாற்போல இருக்கும். அதை யாரும் ஓவியமா என்று கேட்டதில்லை.

3

உயில் எழுதிய நாளை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

மாமனார் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். வேலை பார்த்த தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றபோது, சேமநிதியில் வந்த பணத்தை அப்படியே போட்டு இந்த மனையை வாங்கி வீடு கட்டினார். மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சில வருடங்களுக்கு முன் மாமனார் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், உயில் எழுதியாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வக்கீலிடம் போகலாம் என்றார் என் கணவர். "எம்பொண்ணு ஆபிஸ்ல வேல செய்றா, அவளுக்குத் தெரியாததா லோயருக்குத் தெரியும்?" என்றார் மாமனார்.

சாந்திதான் அலுவலகத்தில் தட்டச்சு செய்து, தன் கணவரோடு கொண்டுவந்தாள். வீடு மகனுக்கு. வங்கியில் இருப்பதும் மாமியாரின் நகையும் மகளுக்கு. அவ்வளவுதான், ஒரே பக்கம். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் வந்து ஒன்று போட்டார். இன்னொருவர் வேண்டும்.

நான் அடுப்படியில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ பேச்சு. சாந்தியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணி வேணாம்பா."

மாமனார் சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே சாந்தி, "அண்ணி, இங்க வாங்க. ஒரு கையெழுத்து போடுங்க" என்று கூப்பிட்டாள்.

எங்கள் ஊரில் பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதினால், வீட்டு மனிதர்களையும் பங்காளிகளையும்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது அல்லவா. என் அப்பாவின் பத்திரத்தில் சித்தப்பாவைக் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை என்று இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாட்சிக்குக் கூப்பிடுவது என்றால், நீயும் எங்களில் ஒருத்தி என்று அர்த்தம்.

மாமனார் அதே எண்ணத்தில்தான் சொன்னார். அவருடைய அப்பாவும் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்தானே. "இந்த வூட்டு மனுசி கையெழுத்துப் போட்டாத்தான் இது நிக்கும்" என்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தமிழில் என் பெயரை எழுதினேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் என்னிடம் கேட்டு நடந்த முதல் காரியம் அது. அன்றைக்குச் சோறு கூட நன்றாக வெந்திருந்ததாக நினைவு.

"அண்ணி வேணாம்பா" மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

4

லோயர் அலுவலகம் மலாக்கா டவுனில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். லோயர் வயதான அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. ஆங்கிலம்தான் அதிகம் வருகிறது. தமிழ் வரும்போது அந்த ஊர்த் தமிழாக வருகிறது.

"இருங்கோ தங்கச்சி. இது உங்கட கையெழுத்தோ?"

என் ஐசி, அதாவது அடையாள அட்டை, நகலும் என் கணவரின் ஐசி நகலும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சாட்சிகளின் நகலைக் கேட்டு வாங்கியபோது, இரண்டிலும் ஒரே முகவரி இருப்பதை அந்த அம்மா கவனித்திருக்கிறார்.

"என்னோடதுதாங்க."

"நீங்கள் இவருடைய வைஃப்?"

"ஆமாங்க."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கவுண்டர்களில் நின்றவள். யாராவது கண்ணாடியைக் கழற்றி வைத்தால் நல்ல சேதி வராது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உயிலில் சொத்து பெறுகிற ஆள் அதில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ஆளின் கணவனோ மனைவியோ போடக் கூடாது. போட்டால் உயில் செல்லும், சாட்சியும் செல்லும். ஆனால் அந்த ஆளுக்கு எழுதிவைத்தது மட்டும் செல்லாது.

"எங்க ஊர்ல வீட்டு ஆளுங்கதாங்க போடுவாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இங்க வீட்டு ஆக்கள் போடவே கூடாது. தெரியாத ஆக்கள்தான் நல்லது. ஆதாயம் இல்லாத ஆள்தானே சாட்சி."

"அப்ப வீடு?" என்றார் என் கணவர்.

"வீட்டுக்கு உயில் இல்லை எண்டு அர்த்தம். பிள்ளையள் ரெண்டு பேர். ஆளுக்குப் பாதி. உங்கட தங்கச்சி தன் பாதியை விட்டுக்குடுத்துக் கையெழுத்து வச்சால் முழுசும் உங்களுக்கு. இல்லாட்டி, அவ கேட்டால் வித்துப் பிரிக்க வேண்டியும் வரும்."

வங்கியில் இருப்பதும் நகையும்? அது சாந்திக்குத்தான், அதில் ஒரு பழுதும் இல்லை. அவளோ அவள் கணவரோ எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டச்சு செய்தவள் அவள். என்னைக் கூப்பிட்டவள் அவள். அன்றைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த தன் கணவரைப் போடவிடாமல் விட்டவளும் அவள்.

"நீங்கள் என்ன சொல்றீங்கள்?" என்று லோயரம்மா அவளைக் கேட்டார்.

"எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க" என்றாள்.

விட்டுக்கொடுக்கிறவளுக்கு ஒரு வாரம் எதற்கு?

5

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, வீட்டுக் கிராண்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். நிலப் பத்திரத்துக்கு இங்கே கிராண்ட் என்று பெயர். பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்தேன். கணவர் பார்த்துவிட்டார்.

"என்னா, கிராண்ட ஊற வைக்கிறியா? காலைல இட்லி ஊத்தப் போறியா?"

"உங்க தங்கச்சிகிட்ட இந்த வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கு."

"அவ பொறந்த வீடுடி இது."

"அதான் சொல்றேன்."

அவருக்கு இடுப்பு வலி. இன்னும் சில வருடத்துக்கு மேல் லோரி ஏற முடியாது. இந்தக் கூரையை விட்டால் எங்களுக்கு வேறு கூரை இல்லை. அதை அவர் சொல்ல மாட்டார். வேடிக்கை பேசிவிட்டுப் படுத்துவிடுவார். ஆனால் அந்த வாரம் முழுவதும் லோரியில் ஏறும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

புதன்கிழமை ஒரு சீனர் வந்து எங்கள் வேலிக்கு வெளியே நின்றார். கையில் போன். வீட்டைப் படம் எடுத்தார். கொஞ்சம் தள்ளி நின்று இன்னொன்று எடுத்தார். சாந்தி விலை போட ஆள் அனுப்பிவிட்டாள் என்றே நினைத்தேன். என் கூச்சமெல்லாம் எங்கே போனதோ, துடைப்பத்தோடு வெளியே போய்விட்டேன்.

"யாரு அனுப்புனா? சியாப்பா சூரூ?" என்று பாதித் தமிழும் பாதி மலாயுமாகக் கேட்டேன்.

அவர் இரண்டு அடி பின்னால் போய் மரத்தைக் காட்டினார். டுரியான் பழத்தை மரத்தோடு மொத்தமாகப் பேசி எடுக்கிற வியாபாரி. மாமனார் இருந்த காலத்தில் வருடா வருடம் வருவாராம். "அந்தப் பெரியவர் இல்லையா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். எனக்குத் துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த வருடப் பழத்தையும் அவருக்கே பேசி அனுப்பினேன்.

ரூபாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஓவரா திங்க் பண்ணாதீங்க லா. அத்தை அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"உனக்கு அவள என்ன தெரியும்?"

"நாங்க டெய்லி சேட் பண்றோம்மா."

இது எனக்குப் புதுச் செய்தி. என்னோடு வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவள், அத்தையோடு தினமும் பேசுகிறாள்.

"வீடு கைவிட்டுப் போனா உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"நான் இங்க கேஎல்ல வேல பாக்குறேன். அந்த வீட்ட வச்சு நான் என்ன செய்யப் போறேன்? நீங்க இங்க வந்துருங்க. என் காண்டோ வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் இருக்கு."

அன்போடுதான் சொன்னாள். ஆனால் ஒரு ரூமுக்குள் இந்த வீட்டை எங்கே வைப்பது?

கடைசியில் மாரிமுத்து அண்ணனிடம் போனேன். அன்றைக்குக் கூடத்தில் இருந்த வெளியாள் அவர் ஒருவர்தான். வேலியோரம் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு என்னைக் கையெழுத்துக்குக் கூப்பிடச் சொன்னது யாரு?"

"வேற யாரு, உங்க மாமாதான். சாந்தி புருசன் பேனாவத் தொறந்து மூடியக்கூட பின்னால மாட்டிட்டாரு. பெருசு வெடுக்குன்னு புடுங்கிட்டாரு. 'மாப்ள வெளி ஆளு, எம்மருமவ போடட்டும்'ன்னு. அந்த மனுசன் மூஞ்சி சுருங்கிப் போச்சு."

"சாந்தி?"

"அது வேணாம்னுச்சு. பெருசு ஏசுனாரு. அப்பறம் பேசாம இருந்துச்சு."

வீடு வரும் வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாந்தியின் கணவர் கையெழுத்துப் போட்டிருந்தால் சாந்தியின் பங்குதான் போயிருக்கும். போடத் தயாராக இருந்தார் என்றால் அவருக்குச் சட்டம் தெரியாது. அது சரி. சாந்திக்கு? என்னை வேண்டாம் என்றாளே, அது நல்லெண்ணமா? அல்லது, அவள் வேண்டாம் என்றால் மாமனார் வேண்டும் என்றே நிற்பார், அது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் சொன்னாளா?

சந்தேகத்துக்கு ஒரு வசதி உண்டு. நல்லதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதையும் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் வளரும்.

6

அடுத்த செவ்வாய்க்கிழமை சாந்தி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் வரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"என் பாதிய அண்ணனுக்கு விட்டுர்றேன். ஆனா ஒரு கண்டிசன்" என்றாள்.

கண்டிசன் என்ற வார்த்தை வந்ததும் என் கை தானாகப் பையை இறுக்கிக்கொண்டது.

"அண்ணன் இன்னிக்கே, இங்கயே ஒரு உயில் எழுதணும். அவருக்கு அப்பறம் வீடு அண்ணிக்குன்னு. எழுதுனாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

"நான் நல்லாத்தானே இருக்கேன்? அதுக்குள்ள என்னா அவசரம்?" என்றார் அவர்.

"அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. அப்பறம் அடம் புடிச்சு அவசரத்துல எழுதுனாரு. பாத்தீங்கல்ல?"

லோயரம்மா சிரித்தார். "நல்ல கண்டிசன். நான் இப்பவே அடிக்கச் சொல்றன். சாட்சிக்கு என்ர கிளார்க் ரெண்டு பேர் வருவினம். நீங்கள் ரெண்டு பேரும் வெளியில இருங்கோ."

எழுந்தபோது சாந்தி என்னிடம், "அண்ணி, இந்தப் பக்கம் பேனாவப் பாத்தாலும் தொட்டுராதீங்க" என்றாள். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு மலாய்ப் பெண்கள் முக்காடு சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். எங்களை யாரென்றே தெரியாதவர்கள். எங்கள் வீட்டுக்கு இனி அவர்கள்தான் சாட்சி.

"ஒரு வாரமா வீட்ல பேச்சே இல்ல அண்ணி" என்றாள் சாந்தி. "பாதி உனக்கு வருது, ஏன் விடறேங்கறாரு. அப்பா பேனாவப் புடுங்குனது அவருக்கு இன்னும் ஆறல."

இப்போது விட்டால் இன்னும் பல வருடம் முள்ளோடு இருக்க வேண்டும். கூச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் சாந்தி, அண்ணி வேணாம்னு சொன்ன?"

அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். எனக்குப் பிடித்த பதிலைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். சட்டம் தெரிந்து, உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நான் என்ன மறுக்க முடியும்?

"ஏச மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க தமிழ்ல கையெழுத்துப் போடுவீங்க. கவர்மெண்ட் ஆபிஸ்ல பாத்துட்டு சிரிப்பாங்கன்னு நெனச்சேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு அண்ணி. சட்டம் கிட்டம் ஒண்ணும் எனக்குத் தெரியாது."

அந்தக் கவுண்டர்ப் பெண்ணும் அவளோடு சேர்ந்து சிரித்த சாந்தியும் ஒருசேர நினைவுக்கு வந்தார்கள். வலித்தது. வலித்த அதே நேரத்தில், ஒரு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது எதுவோ அப்படியே அடங்கியது. ஏமாற்ற வந்தவள் இதைவிட நல்ல பதிலாகச் சொல்லியிருப்பாள். இவள் சொன்னது நல்ல பதிலே இல்லை. அதனால் நம்பினேன்.

உள்ளேயிருந்து சாந்தியைக் கூப்பிட்டார்கள். விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "டுரியான் பழம் மட்டும் வருசா வருசம் எனக்கு வந்துரணும்" என்றாள். "மொத்தமா அந்தச் சீனருக்குப் பேசிட்டேனே" என்றேன். "ஐயோ அண்ணி!" என்று என் தோளில் அடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பீப்பாய்க்குள் கைவிட்டுக் கிராண்டை எடுத்தேன். தூசி தட்டி, பழையபடி அலமாரியில் மாமனாரின் வேட்டிக்கு அடியில் வைத்தேன்.

அலமாரிச் சாவியை மட்டும் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன். எங்கே என்று உங்களுக்கும் சொல்லவில்லை.